இஞ்சியோனில் ஜாங் வூஜினின் வாரம்

டிசம்பர் 12, 2018, புதன்

டேபிள் டென்னிஸின் உலக டூர் கிராண்ட் ஃபைனல்ஸுக்குச் சும்மா பெயர் கொடுத்து வந்துவிட முடியாது. ஆண்டு முழுக்க ஒவ்வொரு நாட்டு ஓப்பன் போட்டியிலும் ஆடிச் சேர்த்த புள்ளிகளை வைத்து, ஒற்றையரில் ஆண்களில் 16 பேர், பெண்களில் 16 பேர். அவ்வளவுதான் உள்ளே வரலாம். 1996-ல் சீனாவின் தியான்ஜின் நகரில் தொடங்கியது முதல் இதன் குணமே இதுதான். மற்றப் போட்டிகளில் முதல் இரண்டு சுற்று பெரிய ஆட்டக்காரர்களுக்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் நேரம். இங்கே முதல் சுற்றிலேயே உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் ஒருவர் மூட்டை கட்ட வேண்டும். டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, ஒரு தடவையாவது இந்தப் போட்டியை அரங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. இந்த வருடப் போட்டி நடக்கும் தென் கொரியாவின் இஞ்சியோனில் சித்தி மகன் ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பதால் அது கைகூடியது.

விமான நிலையத்திலேயே அவன் காத்திருந்தான். "என்னக்கா இது, ஊட்டிக்கு வர்ற மாதிரி ஒரு ஸ்வெட்டரோட வந்திருக்க?" என்று தன் கனமான அங்கியைக் கழற்றி என் மேல் போட்டான். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது.

இன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஆனால் நம் ஊருக்கு ஒரு நல்ல சேதி உண்டு. சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு ஆண்டுதோறும் தரும் ஸ்டார் விருதுகள் இந்த முறை இஞ்சியோனில் நடந்தன. 'பிரேக்த்ரூ ஸ்டார்' விருது மனிகா பத்ராவுக்கு. இந்தியாவிலிருந்து இதை வாங்கும் முதல் ஆள் அவர்தான். ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஆடிய நான்கு பிரிவிலும் பதக்கம் வாங்கினாரே, அதற்கு இது பொருத்தமான மரியாதை. விழாவுக்குள் நுழைய எனக்கு வழியில்லை. தம்பியின் அறையில் சுடச்சுடத் தேநீர் குடித்துக்கொண்டே போனில் படங்களைப் பார்த்தேன். புடவையும் கோட்டுமாக இருந்த பழைய இந்திய டேபிள் டென்னிஸ் விழாப் படங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

டிசம்பர் 13, வியாழன்

நம்டோங் உள்ளரங்கம் 2014 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. ஜிம்னாஸ்டிக்ஸ் அங்கேதான் நடந்தது. வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை, உள்ளே சீன ரசிகைகள் கையில் பெரிய கேமராக்கள், மேல் வரிசைகளில் வெள்ளைத் துணியில் நீல நிறக் கொரியத் தீபகற்பம் வரைந்த கொடிகள்.

அந்தக் கொடிகள் எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். கலப்பு இரட்டையரில் மொத்தமே நான்கு ஜோடி. அதில் ஒரு ஜோடி தென் கொரியாவின் ஜாங் வூஜின், வட கொரியாவின் சா ஹியோ சிம். ஜூலையில் தேஜோனில் நடந்த கொரியா ஓப்பனில் இவர்களை ஜோடி சேர்த்தார்கள். சில நாள் பயிற்சிதான். இறுதியில் சீனாவின் வாங் சுச்சின், சுன் யிங்ஷா ஜோடியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஜாங் அந்த வாரம் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் வென்றார்.

இரண்டு கொரியாவும் ஒரே அணியாக ஆடுவதற்கு இந்த விளையாட்டில் ஒரு பரம்பரையே உண்டு. 1991-ல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலகப் போட்டியில் தெற்கின் ஹியூன் ஜுங் ஹ்வாவும் வடக்கின் லி புன் ஹுயியும் இருந்த ஒருங்கிணைந்த பெண்கள் அணி, இறுதியில் சீனாவை 3-2 என வென்றது. இந்த ஆண்டு மே மாதம் ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் அதைவிட விசித்திரம். உலக அணிப் போட்டியின் காலிறுதியில் இரண்டு பெண்கள் அணிகளும் மோத வேண்டும். மோதவில்லை. போட்டி நடுவிலேயே ஒரே அணியாகிவிட்டார்கள்! அரையிறுதியில் ஜப்பானிடம் தோற்றது வேறு விஷயம்.

இன்றைய அரையிறுதி அதனால்தான் சிக்கலானது. எதிரே நின்றதும் தென் கொரிய ஜோடி: லிம் ஜோங்ஹூன், யாங் ஹாஇன். லிம் யார் தெரியுமா? ஆண்கள் இரட்டையரில் இதே ஜாங்கின் கூட்டாளி. இந்த வாரமும் இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். ஜாங்கின் சர்வீஸ் எப்படிச் சுழலும், நெருக்கடி வந்தால் எந்தப் பக்கம் அடிப்பார் என்பதெல்லாம் லிம்முக்கு அத்துப்படி. யாங் ஹாஇனும் சாதாரண ஆளில்லை. 2015-ல் சுஜோ உலகப் போட்டியில் சீனாவின் சு ஜின்னோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் உலகப் பட்டம் வாங்கியவர். வேறு நாட்டுக்காரரோடு ஆடி ஜெயிப்பது எப்படி என்று அந்த மேசையில் எல்லாரையும்விட அவருக்குத் தெரியும்.

நான் அரங்கின் பக்கவாட்டில், தாழ்ந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் மேசைக்கு மேலே நடப்பதுதான் தெரியும். இங்கிருந்து மேசைக்குக் கீழே தெரிந்தது. சர்வீஸ் போடுகிறவர் இடது கையை மேசை விளிம்புக்கு அடியில் கொண்டுபோய் விரலால் ஜாடை காட்டுவார். எந்தச் சுழற்சி, குட்டையா நீளமா என்று கூட்டாளிக்கு மட்டும் தெரிய வேண்டும். ஜாங் காட்டுவார், சா தலையை லேசாக அசைப்பார். சில சமயம் அசைக்காமல் முகத்தைப் பார்ப்பார். உடனே ஜாங் திரும்பி வந்து வாயை மறைத்துக்கொண்டு ஓரிரண்டு வார்த்தை பேசுவார். ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை துண்டு எடுக்கப் போகும்போதும் இருவரும் தோளோடு தோள் நடந்தபடி பேசிக்கொண்டே போனார்கள். ஆண்டுக் கணக்கில் சேர்ந்து ஆடும் ஜோடிகள் இவ்வளவு பேசுவதில்லை. பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்காது.

இரட்டையரில் ஒருவர் மாற்றி ஒருவர்தான் அடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து வரும் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கேம் முழுக்க எதிராளிகளில் ஒரு குறிப்பிட்ட ஆளின் பந்துதான் நமக்கு வரும். நம் பந்து மற்றவருக்குத்தான் போகும். கலப்பு இரட்டையரில் இதுதான் பாதி ஆட்டம். ஜாங்கின் அடி யாங்குக்குப் போகிற வரிசை அமைந்தால் ஜாங் ஜோடிக்கு வசதி. லிம்மின் இடது கை அடி சா ஹியோ சிம்முக்கு வருகிற வரிசை அமைந்தால் லிம் ஜோடிக்கு வசதி. ஒவ்வொரு கேமுக்கும் இந்த வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது கேம் வந்துவிட்டால், ஒரு ஜோடி 5 பாயிண்டைத் தொட்டதும் பக்கம் மாறும்போதே வரிசையும் மாறிவிடும். அதாவது வசதியான பாதியில் யார் அதிகம் சேர்த்துக்கொண்டார்களோ அவர்கள் மறுபாதியைத் தாங்க வேண்டும்.

ஆட்டம் அந்த ஐந்தாவது கேமுக்குத்தான் போனது. யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் அரங்கமே திணறியது. நல்ல பாயிண்ட் எந்தப் பக்கம் விழுந்தாலும் சத்தம். கொடி வைத்திருந்தவர்கள் மட்டும் 'நாம் ஒன்றே' என்று கொரிய மொழியில் தாளம் போட்டு முழங்கிக்கொண்டே இருந்தார்கள். சா ஹியோ சிம் பெரிதாகக் கத்தும் ஆட்டக்காரர் இல்லை. ஜாங் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முஷ்டியை மடக்கிக் கத்துவார். சா வெறுமனே பந்தை எடுக்கத் திரும்புவார். கடைசிப் பாயிண்டில் 3-2 என வென்றதும் அந்தச் சா ஹியோ சிம்மே துள்ளிவிட்டார்.

"அக்கா, நீ அழுவுறியா?" என்றான் தம்பி. ஆமாம், அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இன்னொரு சங்கதி. ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கலப்பு இரட்டையர் காலிறுதியில், இதே சா ஹியோ சிம் தன் நாட்டு ஆன் ஜி சாங்கோடு ஆடியபோது, எதிரே நின்றது நம்ம சரத் கமலும் மனிகா பத்ராவும். ஐந்து கேம் போய் நம் ஜோடி வென்றது. அந்த வெற்றிதான் வெண்கலத்தை உறுதி செய்தது. அதே ஜகார்த்தாவில் சரத், சத்தியன், அமல்ராஜ் என்று சென்னைக்காரர்கள் மூன்று பேர் இருந்த ஆண்கள் அணிக்கும் வெண்கலம். ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு அதற்கு முன் பதக்கமே கிடையாது. இன்று சா ஹியோ சிம்மைப் பார்க்கப் பார்க்க, அந்த ஜகார்த்தா வெற்றியின் எடை எனக்கு இன்னும் கூடியது.

டிசம்பர் 14, வெள்ளி

காலையில் தம்பி காரில் கங்ஹ்வா தீவுக்குக் கூட்டிப்போனான். இஞ்சியோன் மாநகரத்தோடு சேர்ந்ததுதான், பாலம் வழியாகப் போகலாம். தீவின் வடக்கு முனையில் ஒரு பார்வை மாடம். போகும் வழியில் கடற்படை வீரர்கள் வண்டியை நிறுத்தி, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் விட்டார்கள்.

மாடத்தில் ஏறினால் எதிரே நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் வட கொரியா. நடுவே ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். காசு போட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். அறுவடை முடிந்த வயல், ஒரே மாதிரி வரிசை வீடுகள், பின்னால் மரம் குறைந்த குன்றுகள். ஒரு பாதையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் மேல் போட்டிருந்த கோட்டின் நிறம்கூடத் தெரிந்தது.

"நாங்க ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் கூடப் போட முடியாதுன்னு இங்க இருக்கிறவங்க சொல்வாங்கக்கா" என்றான் தம்பி. உண்மைதான். இரண்டு நாட்டுச் சாதாரண மக்களுக்கு இடையே தபாலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஜாங்குக்கும் சா ஹியோ சிம்முக்கும் அடுத்த போட்டி வந்தால்தான் அடுத்த பயிற்சி. ஒரு புது சர்வீஸ் கற்றுக்கொண்டேன் என்று சொல்லவோ, ஒரு வீடியோ அனுப்பவோ வழி கிடையாது. நேற்று அவர்கள் மேசையருகே அவ்வளவு பேசியதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான் என்று தோன்றியது. தெற்கும் வடக்கும் சேர்ந்து ஆடுவது வெறும் அரசியல் காட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. ஏப்ரலில் எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் இரு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்காவிட்டால் இந்த ஜோடியே இருந்திருக்காது, அது சரி. ஆனால் ஐந்தாவது கேமில் லிம்மின் இடது கை பந்தை எதிர்கொண்டு திருப்புவதை எந்தத் தலைவரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அது அவர்கள் இருவரின் வேலை. அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன்.

திரும்பும் வழியில் இஞ்சியோனின் சைனாடவுனில் ஜாஜாங்மியோன் சாப்பிட்டோம். கறுப்புச் சாந்தில் புரட்டிய நூடுல்ஸ். கொரியாவில் அது பிறந்ததே இந்தத் துறைமுகத் தெருவில்தான் என்கிறார்கள். பன்றி இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்க நேரம் பிடித்தது. ருசி நன்றாகவே இருந்தது.

மாலையில் காலிறுதிகள். உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், அக்டோபரில் பாரிஸில் உலகக் கோப்பை வாங்கிய ஃபேன் செண்டோங்கை, பிரேசிலின் ஹூகோ கால்டெரானோ 4-2 எனத் தோற்கடித்தார். சீனாவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் முளைக்கும் ஆட்டம் இது என்று நினைத்திருக்கிறோம். ரியோவில் பிறந்து, ஜெர்மனியில் போய்ப் பயிற்சி எடுத்து, பேக்ஹேண்டை அத்தனை வேகமாக வீசும் ஒருவர் உலக முதல்வரை வெளியேற்றுகிறார். சீன ரசிகைகள் சிலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். ஃபேன் தலை குனியாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

டிசம்பர் 15, 16: சனி, ஞாயிறு

இரண்டு நாளையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆட்டம் முடிந்து வந்தால் எழுத உட்கார முடியவில்லை. அவ்வளவு பேச்சு.

கலப்பு இரட்டையர் இறுதியில் ஜாங், சா ஜோடி ஹாங்காங்கின் வோங் சுன் டிங், டூ ஹோய் கெம் ஜோடியிடம் 0-3 எனத் தோற்றது. பேனா பிடிப்பதுபோல் பேட்டைப் பிடிக்கும் வோங்கின் பந்து வரும் கோணமே வேறு. மேசைக்கு மேல் குட்டையாக வரும் பந்தை அவர் மணிக்கட்டால் தட்டிவிடும்போது, அது எங்கே போகும் என்று பழகியவர்களுக்கே கடைசி நொடியில்தான் தெரியும். டூவும் அவரும் வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். ஒருவர் அடித்துவிட்டு விலகும்போது மற்றவர் அந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருப்பார். இந்தப் பக்கம் ஜாங்கும் சா ஹியோ சிம்மும் இரண்டு தடவை தோள் இடித்துக்கொண்டார்கள். நானறிந்த வரை தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டாம். சேர்ந்து நகரும் கால்கள் நாள்பட்டுத்தான் வரும். அந்த நாட்களை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

தோற்ற பிறகும் அரங்கம் எழுந்து நின்றது. சா மேல் வரிசைக் கொடிகளைப் பார்த்துக் கையசைத்தார்.

இதே ஜாங் ஆண்கள் இரட்டையர் இறுதியில் மறுபடி வந்தார். இப்போது பக்கத்தில் நின்றது, வியாழக்கிழமை எதிரே நின்ற லிம் ஜோங்ஹூன். எதிரே நின்றது மறுபடியும் வோங் சுன் டிங், கூட ஹோ குவான் கிட். அதே எதிராளி, வேறு கூட்டாளி. 3-0 என ஜாங், லிம் ஜோடி வென்றது.

என்ன மாறியது? கால்கள்தான். ஜாங் வலது கை, லிம் இடது கை. இருவரும் அவரவர் பேக்ஹேண்ட் மூலையிலிருந்து (ஜாங்குக்கு இடது, லிம்முக்கு வலது) உள்ளே வந்து அடித்துவிட்டு அதே மூலைக்குத் திரும்பினால் போதும், ஒருவர் வழியில் ஒருவர் வர வேண்டியதில்லை. ஒரு ராலியில் ஜாங் அடித்ததும் பின்னால் பார்க்காமலே இடப்பக்கம் ஒதுங்கினார். அவர் விட்ட இடத்தில் லிம்மின் இடது கை வந்து விழுந்தது. கோவில் தேருக்கு வடம் பிடிக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே அடி எடுத்து வைப்பார்களே, அப்படி ஒரு பழக்கம். விரல் ஜாடை காட்டினார்கள், பேச்சு மிகக் குறைவு. சொந்த மண்ணில் கொரியர்களுக்கு ஒரு பட்டம். அரங்கம் கூரை பிய்ந்துவிடும்போல் இருந்தது.

பெண்கள் இரட்டையரை ஜப்பானின் மிமா இடோவும் ஹினா ஹயாட்டாவும் வென்றார்கள். சீனாவின் சென் ஜிங்டோங், சுன் யிங்ஷா ஜோடியை வீழ்த்தி. போன மாதம் ஸ்வீடிஷ் ஓப்பனில் லியு ஷிவென், டிங் நிங், சு யூலிங் என்று சீனாவின் மூன்று பெரிய பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்த இடோவை நேரில் பார்த்துவிட்டேன். பேட்டின் ஒரு பக்கத்தில் புள்ளி வைத்த ரப்பர். அதில் பட்டு வரும் பந்து எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போகிறது. பெண்கள் ஒற்றையரில் சென் மெங், தன் நாட்டு ஹே சுவோஜியாவை 4-1 என வென்று, போன வருடம் அஸ்தானாவில் வாங்கிய பட்டத்தைத் தக்கவைத்தார். குறை சொல்ல எதுவுமில்லாத ஆட்டம்.

ஆண்கள் ஒற்றையர் இறுதிதான் நாளைய பேப்பர்களில் வரும். ஜப்பானின் டோமோகாசு ஹரிமோட்டோ, சீனாவின் லின் காவ்யுவானை 4-1 என வென்றார். வயது 15 வருடம் 172 நாள். இந்தப் பட்டத்தை இவ்வளவு சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. அப்பா அம்மா இருவரும் சீனாவிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள். பையன் பிறந்தது செண்டாயில். ஜனவரியில் ஜப்பான் தேசியப் பட்டம், ஜூனில் ஜப்பான் ஓப்பனில் மா லாங்கையும் ஜாங் ஜிக்கேவையும் வென்று பட்டம், இப்போது இது. மேசையை விட்டு ஒரு அடிகூடப் பின்வாங்குவதில்லை. பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டில் எடுத்துவிடுகிறார். எதிராளிக்குத் தயாராகும் நேரம் பாதியாகிறது. லின்னும் வேகமான ஆட்டக்காரர்தான். அவரே பல தடவை பாதி வீச்சில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஹரிமோட்டோ போடும் கூச்சல் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. பதினைந்து வயதில் உலகத்தின் முன்னால் நிற்கும் பிள்ளை கத்தாமல் வேறென்ன செய்யும்?

ராத்திரி சின்போ சந்தையில் இனிப்பும் காரமுமாகப் பொரித்த கோழி வாங்கி நின்றபடியே தின்றோம். தம்பி முழுக்க முழுக்க ஹரிமோட்டோ பேச்சுதான். நான் இரட்டையரைப் பற்றியே பேசினேன்.

"அக்கா, நம்ம ஊர்ல இரட்டையருக்கு யாருக்கா பயிற்சி எடுக்கறாங்க? டோர்னமெண்ட் அன்னிக்குத்தானே ஜோடி சேர்றாங்க" என்றான்.

அதுதான் எனக்கு ஆதங்கம். வயதுப் பிரிவுத் தரவரிசை ஒற்றையரை வைத்துத்தான். அதனால் பெற்றோரும் ஒற்றையர் பயிற்சிதான் கேட்கிறார்கள். ஆனால் ஜகார்த்தாவில் நமக்குக் கிடைத்த இரண்டு வெண்கலமும் ஒற்றையரில் வந்ததில்லை. ஒன்று அணிப் போட்டி, ஒன்று கலப்பு இரட்டையர்.

ஊருக்குப் போனதும் பயிற்சி நேரத்தை மாற்றப்போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் முழுக்க இரட்டையர். முதல் மாதம் பந்தே பெரிதில்லை, அடித்துவிட்டு எங்கே விலகுவது என்பது மட்டும். இடது கைப் பிள்ளைகளை வலது கைப் பிள்ளைகளோடு சேர்ப்பேன். ஐந்தாவது கேமில் 5 பாயிண்டில் வரிசை மாறுவதை ஒவ்வொரு வாரமும் ஆட வைப்பேன். நண்பர்களை ஜோடி சேர்க்கமாட்டேன். ஒருவரோடொருவர் பேசிப் பழகாதவர்களைத்தான் சேர்ப்பேன். பேசித்தான் ஆட வேண்டும் என்றால் பேசக் கற்றுக்கொள்வார்கள்.